கூரை பற்றிக் கெண்டை மீன்கள் எடுத்த தீர்மானம்

ஒரு காட்டில் ஏழு குட்டிகள் மழையில் நனைவதற்கு யாரோ ஒருவன்தான் காரணம், அவன் உருப்படுவானா என்று காட்டுப்பன்றி கட்டாரி கத்திக்கொண்டிருந்தது. பேரை மட்டும் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். அந்தக் காட்டில் தாயில்லாக் குட்டிகளுக்கு ஒரு காப்பகம். அறங்காவலர்கள் நால்வர்: தலைவர் யானை பெரியாயி, கரடி சடையாண்டி, குரங்கு சொக்கன், அப்புறம் கட்டாரி. கட்டாரியும் தாயில்லாமல் சேற்றில் வளர்ந்ததுதான். ஒரு கிழங்கைக் கொடுத்து மூன்று கிழங்கு வாங்கப் பழகிய பிறகே நாலு பேர் அதை மதித்தார்கள். படித்ததெல்லாம் அடிபட்டுத்தான். ஆகவே தன்னை எவனும் ஏமாற்ற முடியாது என்று நம்பியது. தன்னை ஏமாற்றும் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது.

ஆடிக்காற்றில் அம்மி பறக்கவில்லை, காப்பகத்தின் கூரை பறந்தது. மழைக்குப் பத்தே நாள். அறங்காவலர்கள் கூட்டம் போடும் குகையில் கூடியபோது, கூரை வேயத் தன் தம்பி இருக்கிறான் என்றது குரங்கு. கட்டாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அறங்காவலர் வீட்டு ஆளுக்கே வேலையா? இனிமேல் ஒரு விஷயத்தில் யாருக்கு ஆதாயம் உண்டோ, அவர் எழுந்து வெளியே புளியமரத்தடிக்குப் போகணும். இந்தாங்க படிவம். கைநாட்டு வையுங்க.”

எல்லாரும் வைத்தார்கள். குரங்கு நல்ல பிள்ளையாக எழுந்தது. குகை வாசலில் நின்று, “அண்ணே, மூங்கில் யார் தோப்பில வெட்டப்போறோம்?” என்றது.

யானையின் தோப்பு. யானை பெருமூச்சு விட்டு வெளியே போனது. “வேலைக்கு வர்றவங்களுக்குத் தேன் என்கிட்டதான் வாங்கணும்,” என்று கரடியும் தானாகவே கிளம்பியது.

“போங்க போங்க, நான் ஒருத்தனே முடிச்சிடறேன்,” என்றது கட்டாரி.

“தூணுக்குக் குழி தோண்ட உங்க மச்சானைத்தானே பேசி வெச்சிருக்கீங்க?” மரத்தடியிலிருந்து குரங்கின் குரல்.

கட்டாரியும் முறைத்துக்கொண்டே மரத்தடிக்கு வந்தது. குகை காலி.

“நாலு பேரும் இங்கதான இருக்கோம். இங்கேயே முடிவு பண்ணிடலாமே,” என்றது கரடி.

“வெளியே எடுத்த முடிவு செல்லாது. விதி,” என்றது கட்டாரி.

“யார் போட்ட விதி?”

“பேச்சை மாத்தாதேய்யா.”

கூரையால் துளியும் ஆதாயம் இல்லாதவர்கள் யார் என்று ஒரு வாரம் யோசித்தது கட்டாரி. குளத்துக்குப் போய் மூன்று கெண்டை மீன்களைத் தற்காலிக அறங்காவலர்களாக அழைத்தது. நாலு மண்புழுவில் தொடங்கிய பேரம் ஒன்பதில் முடிந்தது. வாழ்க்கையில் அது தோற்ற முதல் பேரம், அவசரம் வேறு. பானையில் வைத்துக் குகைக்குள் கொண்டுவந்து இறக்கியது.

மீன்கள் படிவத்தை ஒழுங்காக நிரப்பின. ஆதாயம்: இல்லை. உறவினர்: குளம் முழுக்க. கூரை வேய்பவர் எவருமில்லை.

“கூரை என்றால் என்ன?” என்று கேட்டது மூத்த கெண்டை.

“மழைத்தண்ணி உள்ளே வராம தடுக்கறது,” என்றது கட்டாரி வாசலில் நின்று.

“நல்லதை ஏன் தடுக்கணும்?”

“குட்டிங்க நனையுமே.”

மீன்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. “நனையாம எப்படி உயிரோட இருக்கும், பாவம்?”

கூரை வேண்டாம் என்று ஒருமனதாக முடிவானது. குட்டிகளின் நலன் கருதி, காப்பகத்தின் வாசலை அடைத்துத் தண்ணீரைத் தேக்கவும் பரிந்துரை. யாரும் விரல் நீட்ட முடியாத, சுத்தமான தீர்மானம்.

மூன்றாம் நாள் மழை வந்தது. முதலில் மான்குட்டி தும்மியது. பிறகு ஏழும் தும்மின. கட்டாரி ஓடிப்போய்க் குட்டிகளைத் தன் வயிற்றடியில் இழுத்துக்கொண்டது. இரண்டுக்குத்தான் இடம் இருந்தது. மற்ற ஐந்தும் அதையே பார்த்துக்கொண்டு நின்றன.

“அந்த விதியைக் கொண்டுவந்தவன் எவன்டா?” என்று கத்தியது கட்டாரி.

“பேர் சொல்லலாமா அண்ணே?” என்றது குரங்கு, தேக்கிலையைத் தலைக்குப் பிடித்தபடி.

“சொல்லாதே.”

நீதி: ஆதாயமே இல்லாதவனைத் தேடிப்பிடித்துப் பொறுப்பைக் கொடு, குட்டிகள் நனைந்தாலும் உன் படிவம் நனையாது. விதி போட்டவன் எவனாயிருந்தாலும் சரி, மச்சானைக் கூப்பிடுவானோ குரங்கின் காலில் விழுவானோ, இருட்டுவதற்குள் வந்து அந்தக் கூரையைப் போட்டுவிட்டுப் போகட்டும்.