சம்பந்தி வீட்டு ஊஞ்சலில் என் குறட்டை

குறட்டை ஆண்களின் சொத்து என்று நாற்பத்து மூன்று வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். நான் குறட்டை விடுவதாக என் கணவர் சொன்னபோதெல்லாம், அது பக்கத்து வீட்டு மோட்டார் என்று சாதித்திருக்கிறேன். (அவர்கள் மோட்டாரை விற்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது.)

அப்போது என் எடை தொண்ணூற்றெட்டு கிலோ. காலையில் எழுந்தால் தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். நாள் முழுக்கச் செருமுவேன். எங்கள் எடமலைப்பட்டி புதூர் புழுதிதான் காரணம் என்று முடிவுகட்டியிருந்தேன். பகலில் எங்கே உட்கார்ந்தாலும் கண் சொக்கும்.

அப்பா அம்மா இல்லாததால் தங்கை வசந்தியின் கல்யாணம் என் பொறுப்பு. ஸ்ரீரங்கத்தில் ஒரு வரன் அமைந்தது. பெயர் ராகவன், ஏதோ கிளினிக்கில் வேலை. இருவருக்கும் பிடித்துப்போயிருந்தது. "அக்கா, நல்லபடியா பேசி முடிச்சிட்டு வா" என்று வசந்தி என் கையைப் பிடித்துச் சொல்லி அனுப்பினாள்.

கணவரும் நானும் போனோம். வடை, பாயசத்தோடு சாப்பாடு. "ஊஞ்சல்ல உக்காருங்க, வெத்தலை எடுத்துட்டு வரேன்" என்றார் ராகவனின் அம்மா. கொல்லைப்புறமிருந்து காவிரிக் காற்று வந்தது. ஊஞ்சல் மெல்ல ஆடியது.

வெயிலில் மினுங்கும் ஆற்றின்மேல் பஞ்சு மாதிரி மிதந்துகொண்டிருந்தேன். உடம்பில் எடையே இல்லை. இரு கரையிலும் வாழைத்தோப்பு. இப்படியே முசிறிவரை போய்விடலாம் போலிருந்தது. (முசிறி எதிர்த்திசையில் இருக்கிறது, கனவில் ஆறு மேல்நோக்கி ஓடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.) திடீரென்று யாரோ என்னைத் தண்ணீருக்குள் அழுத்தினார்கள். மூச்சு வரவில்லை. பதறி எழுந்தேன். தொண்டையெல்லாம் புளித்து எரிந்தது.

எதிரே குடும்பமே நின்றது. ராகவனின் அப்பா கையில் தண்ணீர்ச் சொம்பு. ராகவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரம்?" என்றேன்.

"முக்கால் மணி நேரம்" என்றார் என் கணவர், தரையைப் பார்த்தபடி.

"அக்கா, தினமும் இப்படித்தான் மூச்சு நின்னு நின்னு வருதா?" என்று கேட்டார் ராகவன். தூங்குகிறவர்களுக்கு ஒயர் மாட்டி, மூச்சு எப்படி ஓடுகிறது என்று பரிசோதிப்பதுதான் அவர் வேலை என்று அப்போதுதான் தெரிந்தது.

பஸ்ஸில் வழியெல்லாம் அழுதேன். தங்கையின் வாழ்க்கையைத் தூங்கியே கெடுத்துவிட்டேன். வீட்டில் விஷயத்தைக் கேட்ட வசந்தி, எனக்குத் தலையணை எடுத்துப் போட்டாள். அது இன்னும் வலித்தது.

மூன்றாம் நாள் ராகவன் போன் செய்தார். "வியாழக்கிழமை டாக்டர்கிட்ட டைம் வாங்கிட்டேன், வந்துடுங்க. கல்யாணத் தேதி பத்தி அம்மா அப்புறம் பேசுவாங்க."

டாக்டர் தொண்டையைப் பார்த்தார், தூக்கப் பரிசோதனையும் செய்யச் சொன்னார். "தூக்கத்துல தொண்டை அடைச்சுக்குது. நீங்க மூச்சை இழுக்குறப்ப வயித்து அமிலம் மேல ஏறி வரலாம். தொண்டையைப் புண்ணாக்கறது அதுதான், நீங்க சொல்ற புழுதி இல்லை."

"எது முதல்ல வந்துச்சு டாக்டர்?"

"அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா ரெண்டுக்கும் நடுவுல உங்க எடை உக்காந்திருக்கு. கழுத்தையும் அழுத்துது, வயித்தையும் அழுத்துது. முதல்ல அதை எழுப்பி அனுப்புங்க."

தூங்கும்போது மூச்சுக் கருவி, ஏழு மணிக்குள் இரவுச் சாப்பாடு, தினமும் நடை என்று ஒன்றரை வருஷத்தில் பதினாறு கிலோ போனது. செருமலும் பெரும்பாலும் அடங்கியது. இதற்கிடையே வசந்தியின் கல்யாணத்தில் முழுநேரமும் விழித்திருந்தேன்.

இப்போதும் வீட்டுக்கு வருகிறவர்களை "சாப்டீங்களா?" என்று வரவேற்கும் சம்பந்தியம்மா, என்னை மட்டும் "தூங்கினீங்களா?" என்று கேட்பார். விஷயம் தெரியாதவர்கள் விழிப்பார்கள். உடனே சம்பந்தி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து சொல்ல ஆரம்பிப்பார், குறட்டைச் சத்தம் சகிதமாக.