உட்கார்ந்திருக்கும் வேலை

வெள்ளிக்கிழமை, மதியம் மூன்று மணி. சிதம்பரத்தில், அதற்கு முன் பார்த்திராத ஒரு வீட்டின் ஃபிரிட்ஜுக்குள் யாசர் தலையை விட்டிருந்தான்.

"ஒரு வாரமா ஐஸே கட்டல தம்பி," என்றார் பெண்ணின் தகப்பனார் ஹாஜியார் முஹம்மது யூசுப், பின்னாலிருந்து. "நீங்க இன்ஜினியரு. ஒரு பார்வை பாத்தாலே தெரிஞ்சிடும்."

யாசர் இன்ஜினியர் இல்லை. அப்படிச் சொன்னது ஜக்கரியா மாமா. கல்யாணத் தரகர் கேட்டதும் 'வெளிநாட்டில் கூலிங் இன்ஜினியர்' என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. உண்மையைச் சொன்ன வீடுகள் எல்லாம் கைவிட்டுப் போயிருந்தன. கடலூர் பழைய டவுனில் ஒரு வீட்டில், பனியில் நிற்கிறவனுக்குப் பிள்ளை பிறக்குமா என்று கேட்டார்கள். புவனகிரியில் மீனுக்கு ஐஸ் போடும் வேலை என்று எடுத்துக்கொண்டு, படகு எத்தனை என்றார்கள். சொந்த ஊரான பரங்கிப்பேட்டையிலேயே ஒரு வீட்டில் தேநீரை மட்டும் கொடுத்து அனுப்பினார்கள்.

யாசர் ஃபிரிட்ஜுக்குள் தெரிந்த ஒரே திருகைத் திருப்பினான். மோட்டார் ஒரு முறை இருமிவிட்டு நின்றது. உள்விளக்கும் அணைந்தது.

"நின்னுடுச்சே?" என்றார் ஹாஜியார்.

யாசர் தலையை வெளியே எடுத்தான். வயது முப்பத்து நான்கு. பொய்யைத் தூக்கிச் சுமக்கத் தெம்பில்லை.

"நான் இன்ஜினியர் இல்ல ஹாஜியார். ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர்."

ஹாஜியார் ஃபிரிட்ஜைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"வாங்க, கூடத்துல உக்காந்து பேசுவோம்."

கூடத்தில் யாசரின் உம்மா ருக்கையா முந்தானையைச் சரி செய்தபடி நிமிர்ந்தாள். ஜக்கரியா மாமாவுக்கு விஷயம் முகத்திலேயே தெரிந்துவிட்டது. யாசர் பக்கத்தில் உட்கார்ந்ததும் தொடையைக் கிள்ளினார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"உனக்கு நிக்காஹ் ஆவாது. நான் எழுதித் தரேன்."

ஹாஜியார் சிதம்பரத்தில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். எதையும் தட்டிப் பார்த்து வாங்குகிறவர்.

"ஐஸ் மேல ஹாக்கி. சரி. அதுல நீங்க என்ன பண்ணுவீங்க?"

யாசர் சொன்னான். இருபது வயதில் துபாய்க்குப் போனது. அங்கே ஒரு பெரிய கடைவளாகத்துக்குள் பனித்தளம். வருகிறவர்களுக்குச் சறுக்குக் காலணி எடுத்துக் கொடுக்கும் வேலை. ஒரு நாள் உள்ளூர் அணியின் கோல்கீப்பர் வரவில்லை. கல்மாதிரி பறந்து வரும் ரப்பர் வட்டுக்கு முன்னால் நிற்கச் சம்மதித்தவன் அவன் ஒருவன்தான். பிறகு குவைத், பாங்காக், துருக்கி, கஜகஸ்தான், ருமேனியா. ஒரு ஊரில் ஒரு குளிர்காலம். அதிகம் போனால் இரண்டு.

"எங்கயும் நெலைக்கலியா?"

"நெலைக்க விடமாட்டாங்க. ஒரு டீம்ல ஆள் ஜாஸ்தின்னா இன்னொரு டீமுக்கு மாத்திடுவாங்க."

"உன்னக் கேக்காமலா?" என்றாள் உம்மா. அவளுக்கே இது புதிது.

ஜக்கரியா மாமா இடையில் புகுந்தார். "கவர்மென்ட்டுல டிரான்ஸ்ஃபர் இல்லியா? அதுமாதிரிதான் ஹாஜியார். அதைவிட மேல. வீடியோவக் காட்டுடா."

"வேணாம் மாமா."

"காட்டுடா!"

யாசர் போனை எடுத்தான். ஹாஜியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மாமா நெருங்கி உட்கார்ந்தார். சர்பத் தட்டோடு வந்த அமிர்தம், அந்த வீட்டில் சமையல் வேலை பார்ப்பவள், அவளும் நின்று எட்டிப் பார்த்தாள். திரையில் ஆட்கள் பனியில் வழுக்கிக்கொண்டு மோதினார்கள்.

"இதுல நீங்க யாரு?"

"நான் இதுல வரல. இந்த ஓரத்துல பாருங்க. கதவுக்குப் பக்கத்துல பெஞ்சுல உக்காந்திருக்கேன்."

"எப்ப எந்திரிப்பீங்க?"

"நான் ரெண்டாவது கோல்கீப்பர். மொத ஆளுக்கு அடிபட்டா எந்திரிப்பேன்."

"படலன்னா?"

"உக்காந்திருப்பேன்."

மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

"அதுக்குச் சம்பளம் உண்டா?"

"உண்டு."

ஹாஜியார் போனைக் கீழே வைத்தார். ஆனால் எழுந்து போகவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"சும்மா வேட்டி சட்டையில உக்காருவீங்களா, இல்ல…"

"முழு உடுப்பும் கட்டிக்கிட்டுதான். காலுக்கு, நெஞ்சுக்கு, தலைக்கு எல்லாம். கூப்பிட்ட நிமிஷம் உள்ள போகணும்ல."

"கூப்பிடவே இல்லன்னா கோவம் வராதா?"

"மொதல்ல வந்துது. பழகிடுச்சு."

"வீட்டுக்குப் போன்னு சொல்லிட்டா?"

"கழட்டி வெச்சிட்டுப் போயிடுவேன்."

"சண்டை கிண்டை?"

"இல்ல ஹாஜியார்."

ஹாஜியார் உம்மாவின் பக்கம் திரும்பினார். "நல்ல கொணமுள்ள புள்ளயா வளத்திருக்கீங்க."

உம்மாவுக்குக் கண் கலங்கியது. இத்தனை வீடுகளில் யாரும் இதைச் சொன்னதில்லை. மாமா கண்ணைத் திறந்தார்.

அந்த நேரத்தில்தான் அமிர்தத்தின் தட்டு சரிந்தது. கீழே இன்னும் ஓடிக்கொண்டிருந்த வீடியோவில் ஒருவன் கண்ணாடிச் சுவரில் மோதியதைப் பார்த்துப் பதறிவிட்டாள். நான்கு தம்ளர் நன்னாரி சர்பத் காற்றில் கிளம்பியது.

யாசர் யோசிக்கவில்லை. பதினான்கு வருடப் பழக்கம். இரண்டு முழங்காலும் தரையில் விழ, கால்கள் இருபக்கமும் விரிய, இடது கையை வீசினான். ஒரு தம்ளரைப் பிடித்தான். மூன்று அவனைத் தாண்டி ஹாஜியாரின் வெள்ளைச் சட்டைக்குப் போயின. அவனுடைய பேன்ட் இடுப்பிலிருந்து முழங்கால் வரை சத்தத்தோடு கிழிந்தது.

ஹாஜியாரின் சட்டையிலிருந்து சர்பத் சொட்டியது.

"ஒண்ணப் புடிச்சிட்டான்ல," என்றார் மாமா, பலவீனமாக.

"மன்னிச்சிடுங்க," என்றான் யாசர். தம்ளரை அவரிடம் நீட்டினான். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஹாஜியார் வாங்கிக் குடித்தார்.

"அமிர்தம், அலமாரியில மேல்தட்டுல இருக்கிறத எடுத்துக் குடு. தம்பி மாத்திக்கட்டும்."

அமிர்தம் திகைத்தாள். "அதயா?"

"அதத்தான். அளவும் தெரிஞ்சிடும்."

அது ஒரு ஷெர்வானி. தந்த நிறம், கழுத்தில் ஜரிகை, இன்னும் கடைக் கவரில் இருந்தது. ஒரு லுங்கி கேட்டான் யாசர். லுங்கி இல்லை என்றாள் அமிர்தம். கொடியில் நான்கு லுங்கிகள் காய்ந்துகொண்டிருந்தன.

பக்கத்து அறையில் மாற்றிக்கொண்டு வந்தபோது, நடையில் ஹாஜியாரின் மகள் ஹஃப்சா நின்றாள். பெண் பார்க்கிற நேரத்தில் தலை குனிந்து ஸலாம் சொல்லிவிட்டுப் போனவள், இப்போது குனியவில்லை. கையில் ஊக்கு வைத்திருந்தாள். கூடத்திலிருந்து உம்மா அவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"தோள்ல கொஞ்சம் ஜாஸ்தி," என்றாள் ஹஃப்சா. ஊக்கை அவன் உள்ளங்கையில் போட்டாள். "நீங்களே குத்திக்குங்க."

குத்திக்கொண்டான். விரலிலும் குத்திக்கொண்டான்.

"ஒண்ணு கேக்கட்டா? பெஞ்சுல உக்காந்திருக்கும்போது, மொத ஆளு விழணும்னு தோணுமா?"

இந்தக் கேள்வியை எந்த ஊரிலும் யாரும் அவனிடம் கேட்டதில்லை.

"தோணும். வெளியில சொல்லக்கூடாது."

"எனக்கும் தோணுது," என்றாள். "வெளியில சொல்லாதீங்க."

உள்ளே போய்விட்டாள். யாசருக்குப் புரியவில்லை. ஆனால் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். இந்தப் பெண்ணைத் தவிர வேறு வீடு பார்ப்பதில்லை.

கூடத்துக்கு ஷெர்வானியில் வந்தவனைப் பார்த்து உம்மா எழுந்தே விட்டாள். "மாஷா அல்லாஹ்."

ஹாஜியாரும் வேறு சட்டையில் வந்திருந்தார். அவனைச் சுற்றி ஒரு முறை நடந்தார். தோளைத் தட்டிப் பார்த்தார்.

"ஓரளவு பொருந்துது. சரி, நேரா விஷயத்துக்கு வரேன். நிக்காஹ் நாளைக்கு மறுநாளு, ஞாயித்துக்கெழம. கடலூர்ல மஹால் புடிச்சாச்சு. சொந்தபந்தத்துக்கு எல்லாம் சொல்லியாச்சு. உங்களுக்குச் சரிதானே?"

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "மாப்புள்ள முடிவாவறதுக்கு முன்னாடியேவா?"

"இந்த சீசன்ல மஹால் கெடைக்கிறதுதான் கஷ்டம். மாப்புள்ளையக் கடைசி நிமிஷத்துலகூட பாத்துக்கலாம்."

"பாத்தியா?" என்றார் மாமா யாசரின் காதில். "பிஸினஸ் மூளை. உடுப்புகூடத் தெச்சு ரெடியா வெச்சிருக்காரு. இப்படி ஒரு வீடு கெடைக்குமா?"

"ரெண்டு நாள்ல எப்படி மாமா?"

"உனக்கு லீவு கம்மி, அவசரம்னு தரகர்கிட்ட நாமதான சொன்னோம். அவுங்களுக்கும் அவசரம்னாரு. பொருந்திப்போச்சு. வாய மூடு."

யாசருக்கு ஏதோ இடித்தது. பொய் சொன்ன மாப்பிள்ளையை, ஃபிரிட்ஜைக் கெடுத்தவனை, சட்டையில் சர்பத் விழக் காரணமானவனை இவர் ஏன் வேண்டாம் என்று சொல்லவில்லை? கேட்க வாயெடுத்தான். போன் அடித்தது. ருமேனியா.

ஜன்னல் பக்கம் போய் எடுத்தான். அணியின் மேலாளர். எப்போதும் போல ஸலாமும் இல்லை, சௌக்கியமும் இல்லை. முதல் கோல்கீப்பரின் முழங்கால் போய்விட்டது. யாசர் திங்கட்கிழமை அங்கே இருக்க வேண்டும். இந்த முறை உட்கார வேண்டாம், நிற்க வேண்டும். சீசன் முடியும்வரை அவன்தான் முதல் ஆள்.

பதினான்கு வருடங்களாக அவன் காத்திருந்த வாக்கியம் அது. துருக்கியில், மூச்சு உறையும் பெஞ்சில் உட்கார்ந்து அதை மனப்பாடமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறான்.

"கொஞ்ச நாள் தள்ளி வரலாமா?" என்று கேட்டான்.

முடியாது. இப்போதே பதில் வேண்டும். இல்லையென்றால் அடுத்த எண்ணைக் கூப்பிடுவார்கள். பிறகு அவனைக் கூப்பிடவே மாட்டார்கள்.

யாசர் நடையைப் பார்த்தான். திரைச்சீலை லேசாக ஆடியது.

"வர முடியாது. ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கல்யாணம்."

மறுமுனை உடனே துண்டித்தது.

"யாரு?" என்றார் மாமா.

"டீம்."

"லீவு குடுத்துட்டானா?"

"வேலையே முடிஞ்சிது மாமா. இனிமே உக்கார வேண்டியதில்ல."

மாமா தலையில் அடித்துக்கொள்ள எடுத்த கையை, ஹாஜியார் பார்ப்பதைக் கண்டு தாடியைத் தடவுவதுபோல் மாற்றினார். யாசருக்கு மட்டும் உடம்பு லேசாக இருந்தது. முதல் தடவையாக, யாரோ விழுவதற்காக அவன் காத்திருக்கவில்லை.

"வாங்க, சாப்பிடலாம்," என்றார் ஹாஜியார்.

விரிப்பில் சஹன் வந்தது. நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடும் பெரிய தாம்பாளம். பிரியாணி ஆவி பறந்தது. ஹாஜியார் உட்கார்ந்தார், மாமா உட்கார்ந்தார். யாசர் ஹாஜியாருக்குப் பக்கத்தில் உட்காரப் போனான்.

"அது வேணாம் தம்பி. நீங்க இந்தப் பக்கம், ஓரமா."

ஓரமாக உட்கார்ந்தான். கதவுக்குப் பக்கத்தில். எதிரே ஒரு பக்கம் காலியாக இருந்தது.

"நாலாவது ஆளு?" என்றார் மாமா.

"வரலாம். வராமயும் இருக்கலாம்," என்றார் ஹாஜியார். போனை எடுத்துப் பார்த்தார். கவிழ்த்து வைத்தார். மறுபடி எடுத்துப் பார்த்தார். சோற்றில் யாரும் கை வைக்கவில்லை.

"ஆறுது ஹாஜியார்," என்றார் மாமா.

"கொஞ்சம் பொறுங்க."

பொறுத்தார்கள். ஜரிகை யாசரின் கழுத்தை அறுத்தது. ஊக்கு தோளில் குத்தியது. இறைச்சித் துண்டு ஒன்று சரிந்து அவன் பக்கம் உருண்டு வந்தது. தடுத்து நிறுத்தினான்.

வாசலில் செருப்பு கழற்றும் சத்தம். டிரைவர் கொளஞ்சி கார்ச் சாவியோடு தலையை நீட்டினான். சஹனைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தான். ஷெர்வானியில் இருந்த யாசரைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தான்.

"மொதலாளி, சிங்கப்பூர் மாப்புள்ளைக்கு லீவு கெடைச்சிடுச்சாம், மீனம்பாக்கத்துல எறங்கிட்டாராம், கூட்டியாரக் கெளம்புறேன். இந்தத் தம்பிய அனுப்பிடலாமா, இல்ல ஞாயித்துக்கெழம வரைக்கும் இப்பிடியே உக்காந்திருக்கச் சொல்லவா?"