மூன்று வெள்ளிக்கிழமையும் சிவப்பு

ஆண்டிமடம் தங்கசாமி மாமா அவர்களுக்கு, அரியலூரிலிருந்து உங்கள் மைத்துனன் அருள்முருகன் மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மஞ்சுவும் உடம்பளவில் சௌக்கியம். அங்கு நீங்களும் கலைமணி அக்காவும் சௌக்கியமா, முந்திரியில் பூச்சி விழாமல் இருக்கிறதா என்று அறிய ஆவல். போனிலேயே சொல்லியிருப்பேன். என் வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே உங்களுக்கு டவர் போய்விடுகிறது, அதனால் கடிதம்.

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைக்கும் முன் அபாயச் சங்கு ஊதுகிற இந்த வேலையை ஒன்பது வருஷத்துக்கு முன் நீங்கள்தான் சொல்லி வாங்கித் தந்தீர்கள். "உசிரக் காக்குற வேலைடா, கவுரவமா இரு" என்றீர்கள். அந்தக் கவுரவத்தைக் கேளுங்கள். முதல் வருஷம் பகல் பன்னிரண்டரைக்கு நான் ஊதினால் சுரங்கத்தை ஒட்டிய ஊர்ச் சனங்கள் ஆடுமாடுகளை அவிழ்த்துக்கொண்டு ஓடினார்கள். இப்போது அதே சங்குக்குச் சாப்பிடத் தட்டைக் கழுவுகிறார்கள். மழை நாளில் வெடி இல்லை, நானும் ஊதவில்லை; மறுநாள் வெள்ளைச்சாமி வந்து, "நேத்து நீ ஊதல, எங்க வூட்டுல சோறு குழைஞ்சு கஞ்சியாப் போச்சு" என்று சண்டை பிடித்தார். சிவப்புக் கொடியோடு ரோட்டில் நின்றால் பெரியசாமி அந்தக் கொடிக்குக் கீழேயே வண்டியை நிறுத்திப் போன் பேசுகிறார். "வெடிக்கிறப்ப ஒரு குரல் குடுப்பா, நவுந்துக்கிறேன்" என்கிறார்.

போன மாதம் தேங்காய் அளவுக் கல் ஒன்று பறந்துபோய், மேகலா அக்கா வீட்டு ஓட்டைப் பொத்துக்கொண்டு ரசச் சட்டிக்குப் பக்கத்தில் விழுந்தது. ஓடிப்போய், "சங்கு கேக்கலியாக்கா?" என்றேன். "கேட்டுச்சே, அதான் சாப்புட உக்காந்தேன்" என்றது. என்னால் சிரிக்க முடியவில்லை மாமா. ஒருநாள் யாராவது சோற்றில் கை வைத்தபடியே செத்துப்போவார்கள், அன்றைக்கு அவர்களைப் பந்திக்குக் கூப்பிட்டது நானாக இருப்பேன். சங்குச் சத்தத்தை மாற்றுங்கள், நேரத்தையாவது மாற்றுங்கள் என்று ஆபீசில் சொன்னேன். "ஊதுனியா? ஊதுன. நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டுப் போ" என்றார் சார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வேலையை விடுவதா இருப்பதா என்று தெரியாமல், மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தேன். மஞ்சுதான் இரண்டு பொட்டலம் மடித்துக் கொடுத்தாள். வெள்ளை அரளி வந்தால் விட்டுவிடுவது, சிவப்பு வந்தால் இருந்துவிடுவது. பூசாரி எடுத்தார், சிவப்பு. மனசு ஒப்பாமல் அடுத்த வெள்ளியும் போனேன், சிவப்பு. அதற்கடுத்த வெள்ளியும் அதே. இன்னொரு தடவை கேட்டால் அம்மனுக்கே எரிச்சல் வரும் என்று பூசாரி சொல்லிவிட்டார். எழுதி வைத்திருந்த ராஜினாமாவைக் கிழித்துவிட்டேன். உடம்பில் தெம்பு இருக்கும்வரை ஊதிக்கொண்டே கிடக்கிறேன். உங்கள் சிபாரிசுக்குப் பங்கம் வராது, நீங்கள் நிம்மதியாக இருங்கள்.

அக்காவை மழையில் நனையாமல் பார்த்துக்கொள்ளவும். உங்கள் இருவர் காலிலும் விழுந்து எழுந்ததாக வைத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
அருள்முருகன்

பி.கு: உறையை ஒட்டுவதற்குள் மஞ்சு இதை வாங்கிப் படித்துவிட்டு அழுதுவிட்டாள். மூன்று வாரமும் இரண்டு பொட்டலத்திலும் சிவப்பைத்தான் வைத்தாளாம். "வேலைய விட்டுட்டு வூட்டுல உக்காந்தா நாள் பூரா எங்கிட்ட ஊதுவீங்கன்னு பயந்துட்டேங்க. உள்ளுக்குள்ள இவ்வளவு கெடக்குன்னு எனக்குத் தெரியாது. இந்த வாரம் நீங்களே கட்டிக்குங்க" என்றாள். நாளைக்கு வெள்ளிக்கிழமை. நானே கட்டிவிட்டேன் மாமா. இரண்டிலும் வெள்ளை.