பன்னிரண்டாவது டிக்

சாமி கும்பிட மலையேறுகிறவரைத் தெரியும், தேனெடுக்க ஏறுகிறவரையும் தெரியும். டிக் போடுவதற்கென்றே ஏறுகிற ஒரு பிறவி உண்டே, அதைக் கண்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் எண்பத்திரண்டாம் வருஷத்துக் கொச்சி மட்டாஞ்சேரிக்கு வாருங்கள், காட்டித் தருகிறேன்.

பெயர் ராமபத்ரன். வில்லிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜென்சியில் ஹெட்கிளார்க். சுக்கு மூட்டை அடுக்கைத் தவிர வேறு மேடே காணாத ஊரில் பிறந்த மனுஷன், சர்க்காரின் சிகரப் பட்டியல் ஒன்று கையில் கிடைத்த நாளிலிருந்து, அதை டைப் அடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, கூடத்தில் மாட்டி, கொச்சங்காடிப் பண்டகசாலை மாடிப்படியில் தினம் நாற்பது தடவை ஏறி இறங்கிப் பழகி, வருஷத்துக்கு ஒன்றாகப் பதினொரு சிகரத்தை முடித்துவிட்டார். உச்சியில் என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். "ஏழாயிரத்து முன்னூறு அடி" என்பார். மேகம்? பூ? அதெல்லாம் பட்டியலில் இல்லையே, அவர் ஏன் பார்க்கிறார்?

பாக்கி ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை சமூக மடத்தில் பாராட்டு விழா, ரோஜா மாலைக்கும் சொல்லியாயிற்று. ஆனால் மடத்துச் செயலாளர் சிவசங்கரன் கறாரான ஆள். "பன்னிரண்டாவது டிக் விழுந்தாத்தான் மாலையாக்கும்" என்று சொல்லிவிட்டார். ராமபத்ரனுக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை.

வெள்ளிக்கிழமை ஏறினார். கூடவே தயிர்சாதத் தூக்கோடு மனைவி திரிபுரசுந்தரி. மேலே போனால், கஷ்டகாலம், உச்சியில் இரண்டு மேடு, நடுவே ஒரு பள்ளம். கிழக்கு மேட்டில் ஏறி நின்றார். மேற்குதான் உயரமென்று தோன்றியது. விழுந்தடித்து ஓடி மேற்கில் ஏறித் திரும்பிப் பார்த்தால், பாழாய்ப் போன கிழக்கு ஒரு முழம் தூக்கி நிற்கிறது. மறுபடி கிழக்கு. மறுபடி மேற்கு. இப்படி ஆறு தடவை.

பள்ளத்தில் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த திரிபுரசுந்தரி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன்னா, ரெண்டுலயும் ஏறியாச்சோல்லியோ? எது ஒசந்ததா இருந்தா என்ன? அதுல நீங்க நின்னாச்சு. வாங்கோ, சாப்பிடலாம்."

"எதுல நின்னப்போ ஜெயிச்சேன்னு தெரியாம எப்படிடீ டிக் போடறது?"

மூன்று மணி பஸ்ஸும் போயிற்று. டிக் விழவில்லை, ஞாயிற்றுக்கிழமை விழாவும் நடக்கவில்லை. பூக்காரன் திருப்பி எடுத்துக்கொள்ளாத மாலையைத் திரிபுரசுந்தரி கூடத்துப் பட்டியல் சட்டத்துக்கே போட்டுவிட்டாள். அவர் அதைக்கூடக் கவனிக்காமல் அடுத்த மாசத்துக்கு லீவு எழுதிக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. கிருகப்பிரவேசம் ஆன அன்றைக்கே உங்கள் புது மொட்டைமாடியில் நின்றுகொண்டு எதிர்வீட்டு மாடியை ஒரு பார்வை பார்த்தீர்களே, அது எத்தனை அடி கூடுதலாகத் தெரிந்தது?