ஊருக்கு உதவும் கிடங்கு

பிரஸ்தோவோ தன் உரையின் மூன்றாம் பக்கத்தைத் திருப்பியபோது, முன்வரிசையில் இருந்த எண்டாங் அம்மா கொட்டாவி விட்டார். வுங்கு சந்தின் தலைவி அவர். அவர் விட்டதும் சந்தே விட்டது.

"உள்ளூர்க் கிடங்கு என்பது நகரத்தின் இதயம்," என்று வாசித்தார் பிரஸ்தோவோ. "வேலைவாய்ப்பு பெருகுகிறது. பொருள்கள் விரைந்து வந்து சேருகின்றன. தெருவிளக்குகள்..."

"அந்த விளக்கு உங்க லாரிக்கு வழி தெரியறதுக்குப் போட்டது, பாக். லாரி போற அதிர்வுல எங்க வீட்டு ஓடெல்லாம் நகர்ந்து பக்கத்து வீட்டுக்குப் போயிடுச்சு. அதையும் எழுதியிருக்கீங்களா?" என்று கேட்டார் எண்டாங். 'பாக்' என்றால் ஐயா; அந்த மரியாதையில் மட்டும் அவர் குறை வைக்கவில்லை.

கூடம் குலுங்கிச் சிரித்தது.

இந்தோனேசியாவின் சுரபாயா நகர விளிம்பில் இருந்த அந்தக் கிடங்குக்குப் பிரஸ்தோவோ மேலாளர். கிடங்கை ஊரைவிட்டே அகற்றச் சொல்லிச் சந்து மக்கள் மனு எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். பெருநாள் முடிந்ததும் அது நகராட்சிக்குப் போகும். கிடங்கு போனால் மேலாளரும் போகலாம் என்று தலைமை அலுவலகம் மிக நாகரிகமான வார்த்தைகளில் தெரிவித்திருந்தது.

உள்ளபடி சொன்னால், சந்துப் பெண்களில் பாதிப்பேர் லாரி ஓட்டுநர்களுக்குச் சோறு விற்றுத்தான் பிழைத்தார்கள். மீதிப்பேரின் பிள்ளைகள் அங்கேதான் மூட்டை தூக்கினார்கள். காலையில் கேட்ட ஷாம்பு மதியம் குளிப்பதற்குள் வந்தது. ஆனால் தினமும் கிடைப்பதை யார் நன்மையில் சேர்க்கிறார்கள்?

பிரஸ்தோவோ உரையை மடித்து வைத்தார். "சரி, உங்களுக்கு என்னதான் வேணும்? கேளுங்க!" என்று கைகளை விரித்தார். வாழ்க்கையில் அவர் செய்த பெரிய தவறு அது.

எண்டாங்கின் கணவர் நுர்யாதி அன்றைக்கு முதல்முறையாகத் தலைநிமிர்ந்தார். "என் குருவி," என்றார்.

அந்த மனிதர் பேசுவது அதைப் பற்றி மட்டும்தான். பெருநாளுக்குச் சந்தே வீட்டைப் பூட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விடும். திருடர்களுக்கும் அதுதான் பெருநாள். பைக்கைக் காவல் நிலையத்தில் விடலாம். பாட்டுப் போட்டியில் பரிசு வாங்கிய சோலைபாடிக் குருவியை எங்கே விடுவது? பேருந்தில் ஏற்றினால் பயத்தில் பாட்டையே மறந்துவிடும்.

"கொண்டு வாங்க! பைக்கையும் சேர்த்துக் கொண்டு வாங்க! நம்ம கிடங்கு இருக்கு!" என்று முழங்கினார் பிரஸ்தோவோ.

கொண்டு வந்தார்கள். வீட்டுக்கு வீடு குருவி வளர்க்கிற சந்து அது என்பதை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

"பாக், ரெண்டு ஆம்பளக் குருவி ஒண்ணை ஒண்ணு பார்த்துச்சுன்னா கத்திக் கத்தியே செத்துப்போகும்," என்றான் காவலாளி கிர்மான்.

பிரஸ்தோவோ கூண்டுகளுக்கு நடுவே பிஸ்கட் பெட்டிகளை அடுக்கி மறைத்தார். எதிரி எங்கே போனான் என்று தேடி எல்லாக் குருவிகளும் இரண்டு மடங்கு கத்தின. கூண்டுகளைத் துணியால் மூடினார். கத்தல் நின்றது. நுர்யாதியின் சோலைபாடியோ பாட்டையே அடியோடு நிறுத்திவிட்டது.

"இது ஊமையாப் போச்சுன்னா அந்த மனுஷனும் போயிடுவாரு," என்றான் கிர்மான்.

"மனுஷன் போனா போகட்டும்யா, மனு போகும்ல நகராட்சிக்கு!"

சோலைபாடியைச் சமாதானப்படுத்த உயிருள்ள வெட்டுக்கிளிகளை ஒரு சாக்கு நிறைய வாங்கி வந்தார். சாக்கு கிழிந்தது. வெட்டுக்கிளிகள் பிஸ்கட் பெட்டிகளுக்குள் குடியேறின. அதற்குள் சந்து மக்கள் பேருந்தேறிவிட்டார்கள். கிர்மானைத் தவிரக் கிடங்கின் ஆட்களும் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள்.

மனைவி மலாங்கிலிருந்து அழைத்தார்.

"என்னங்க, எங்கம்மா தேங்காய்ப்பால் கோழி பண்ணிட்டு உக்காந்திருக்காங்க. மாப்பிள்ளை எங்கன்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்ல?"

"ஊருக்குச் சேவை செய்யறாருன்னு சொல்லு."

"அது என்ன சத்தம்?"

"வெட்டுக்கிளி. பிடிச்சிட்டிருக்கேன்."

மறுமுனை துண்டிக்கப்பட்டது.

அன்று பிற்பகல்தான் யுவோனோ என்று ஒருவர் வந்தார். சின்ன சரக்கு வண்டி. நிறைய தொலைக்காட்சிப் பெட்டிகள். வாய் கொள்ளாத சிரிப்பு.

"சந்துக்காரங்க அவசரத்துல கிளம்பிட்டாங்க, பாக். குருவியையே பார்த்துக்கற மனுஷன் டிவியைப் பார்த்துக்க மாட்டாரான்னு சாவியை என்கிட்ட குடுத்துட்டுப் போனாங்க."

பிரஸ்தோவோவின் மார்பு விரிந்தது. குருவிக்கு ஒப்புக்கொண்டவர் டிவிக்கு மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? அடுத்த நடையில் குளிர்பதனப் பெட்டிகள் வந்தன. பிறகு தையல் இயந்திரங்கள், சோறு வடிக்கிற மின்பானைகள், கட்டில்கள், ஒரு தண்ணீர் மோட்டார்.

"மோட்டாரைக் கழட்டியா கொண்டு வந்தீங்க?" என்றான் கிர்மான்.

"இந்தக் காலத்துத் திருடன் அதையும் விடறதில்ல, தம்பி," என்று பெருமூச்சு விட்டார் யுவோனோ.

இடம் போதவில்லை. பிரஸ்தோவோ தன் அலுவலக அறையைக் காலிசெய்து கொடுத்தார். மேசையை வெளியே போட்டு, தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். "நம்பிக்கைங்க! கட்டில் முதற்கொண்டு நம்மகிட்ட ஒப்படைக்கிறாங்க!" என்று சொல்லும்போது குரல் தழுதழுத்தது.

யுவோனோ அதோடு நிற்கவில்லை. சோலைபாடியின் துணியை விலக்கி, கூண்டை வெயில்படும் சன்னலோரம் மாட்டி, மெல்லச் சீட்டியடித்தார். குருவி கழுத்தைச் சாய்த்துக் கேட்டது. பிறகு பாடியது. பிரஸ்தோவோ அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"ஊருக்கு உங்களை மாதிரி ஒருத்தர் போதும், பாக்."

"நீங்க இடம் குடுக்கலைன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்?" என்றார் யுவோனோ அடக்கமாக.

விடுமுறையின் கடைசி நாள் அவரே ஒரு யோசனை சொன்னார். "எல்லாரும் அலுத்துக் களைச்சு வருவாங்க. அதுக்கு முன்னாடியே சாமானை அவங்கவங்க வீட்டுல வெச்சுட்டா? கதவைத் திறந்ததும் அசந்து போயிடுவாங்க. என் வண்டிதான் சின்னது."

பிரஸ்தோவோ கிடங்கின் பெரிய லாரியின் சாவியை எடுத்து நீட்டினார். சட்டையைக் கழற்றிவிட்டு அவரே கட்டில்களை ஏற்றினார்.

"குருவிகளையும் பைக்கையும் ஏத்திடலாமா?" என்று கேட்டார் யுவோனோ.

"அது மட்டும் கூடாது! அதை என் கையால குடுத்தாதான் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பற படத்துல நல்லா வரும்."

யுவோனோவின் முகம் லேசாக வாடியது. ஆனாலும் லாரியிலிருந்து கையசைத்துவிட்டுத்தான் போனார்.

மறுநாள் காலை பேருந்து கிடங்கின் வாசலிலேயே நின்றது. வீட்டுக்குப் போகுமுன் குருவி முகத்தைப் பார்க்கவேண்டும் என்று நுர்யாதி ஓட்டுநரிடம் அழாத குறையாகக் கேட்டிருந்தார். சந்து மொத்தமும் மூட்டை முடிச்சோடு இறங்கியது. உள்ளே கூண்டுக்குக் கூண்டு கச்சேரி.

நுர்யாதி தன் சோலைபாடியின் பாட்டைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்த எண்டாங் கணவரின் தோளைத் தட்டிக்கொடுத்தார். கைப்பையிலிருந்து மனுவை எடுத்தார்.

"தப்பா நினைச்சுட்டோம், பாக். இப்படி ஒரு கிடங்கு எந்த ஊருக்குக் கிடைக்கும்? இது எங்கயும் போகக் கூடாது." எல்லார் முன்னிலையிலும் மனுவைக் குறுக்கே கிழித்தார். கைதட்டல் எழுந்தது. கிர்மான் படம் எடுத்தான்.

பிரஸ்தோவோவுக்கு அங்கேயே நிறுத்திக்கொள்ளத் தெரியவில்லை.

"குருவி என்னங்க பெரிய குருவி!" என்று முழங்கினார். "உங்க டிவி, ஃப்ரிட்ஜ், கட்டில், மோட்டார், அவ்வளவையும் என் பிள்ளை மாதிரி பார்த்துக்கிட்டேன்! நேத்து நம்ம லாரியிலயே ஏத்தி, யுவோனோ கையில குடுத்து, வீட்டுக்கே அனுப்பியாச்சு! போய்க் கதவைத் திறந்து பாருங்க, அசந்து போயிடுவீங்க!"

கைதட்டல் பாதியில் நின்றது. குருவிகள் மட்டும் பாடிக்கொண்டிருந்தன. கிழித்த மனுவின் இரண்டு துண்டுகளோடு எண்டாங் அப்படியே நின்றார்.

நுர்யாதி கூண்டிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "நாங்க குருவியும் பைக்கும்தானே குடுத்தோம், பாக்... யாரு அந்த யுவோனோ?"