தாயில்லாக் கத்தரி

இரண்டு மாதப் பயிற்சி முடிந்து திரும்பிய பிரேம்குமார், நிழல்வலைக் குடிலுக்குள் நுழைந்ததும் நேராக மேசைக்குப் போனான். மேசைமேல் பெயர்ச்சீட்டு இருந்தது. தொட்டியைக் காணோம். பதினோரு மணிக்கு மேலதிகாரி தேவயானி மேடம் வருகிறார்.

சாதாரணத் தொட்டியா அது? பெரம்பலூர் விதைப் பண்ணையில் மூன்று வருடம் மல்லுக்கட்டி, பூவின் மகரந்தத்தை மட்டும் கண்ணாடிக் குப்பியில் வளர்த்து எடுத்த ஒரே கத்தரிச் செடி. தகப்பன் வழி மட்டும்தான், தாய் வழி கிடையாது. குரோமோசோம் பாதிதான் என்பதால் பூக்கும், காய்க்காது. பயிற்சிக்குக் கிளம்புமுன் அதை இரட்டிப்பாக்கும் மருந்தைத் தடவியிருந்தான். காய்த்தால் வெற்றி. இல்லையென்றால் ஆராய்ச்சியை மூடிவிடுவதாக மேடம் சொல்லியிருந்தார்.

"அம்மாவே இல்லாத புள்ளைங்க இது!" என்று பண்ணையில் கண்டவரிடமெல்லாம் மார்தட்டியவன், இப்போது பக்கத்துப் பாத்தியில் காய்த்து நின்ற ஒரு செடியைப் பெயர்த்து வேறொரு தொட்டியில் நட்டான். அது கொழுகொழுவென்று இருந்தது. நோஞ்சானாகத் தெரியட்டும் என்று பாதி இலையைக் கிள்ளினான். ஆடு மேய்ந்த மாதிரி ஆகிவிட்டது.

மேடம் வந்தார். "அடடே, காய்ச்சிருச்சா பிரேம்!"

"மூணு வருஷ உழைப்பு மேடம்!" பழக்கதோஷத்தில் வாய் தானாகப் பெருமையடித்தது.

"இலையெல்லாம் ஏன் இப்படி இருக்கு?"

"பொறந்ததுலேருந்தே நோஞ்சான் மேடம்."

"பரவால்ல. ஒரு இலை குடுங்க, டிஎன்ஏ டெஸ்டுக்கு அனுப்பிடலாம். அம்மா வழி ஒண்ணும் கலக்கலன்னு தெரிஞ்சா தலைமை ஆபீசுக்கே சொல்லிடுறேன்."

"ஐயோ, இலையக் கிள்ளுனா செடி தாங்காது மேடம்!"

"இவ்வளவு கிள்ளியிருக்கீங்க, இன்னும் ஒண்ணு தாங்காதா?"

பிரேம்குமாருக்கு வியர்த்து ஊற்றியது. "மேடம்... இது அந்தச் செடி இல்ல. அது காணாமப் போச்சு."

மேடத்தின் முகம் இறுகியது. அந்த நேரம் பார்த்து, களையெடுக்கும் ஜோதி வாலிகண்டபுரம் பஸ்ஸிலிருந்து இறங்கி மூச்சிரைக்க உள்ளே வந்தாள். இடுப்பில் ஒரு தொட்டி, முந்தானையால் போர்த்தியிருந்தது.

"பஸ்சு லேட்டு சார். தாயில்லாப் புள்ளன்னு நீங்க சொன்னதுலேருந்து மனசு கேக்கல. அதான் நீங்க ஊருக்குப் போனதும் எங்க வூட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டேன்."

தொட்டியை மேசையில் இறக்கி, முந்தானையை விலக்கினாள்.

"இப்பப் பாருங்க, அந்தப் புள்ளயே மாசமா இருக்கு!"