கரண்ட் இறக்கும் ஐயா

பஸ் நிலையத்துக்குப் பின்னால், டயர் கடை மாடியில், கரண்ட் இறக்கும் ஐயா கடை விரித்திருந்தார். படிக்கட்டு முழுக்கப் பெண்கள். எல்லோரும் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுப்பவர்கள். கதிர்வீச்சை அவர்கள் 'கரண்ட்' என்பார்கள்.

வைத்த கரண்ட் உடம்பிலேயே தங்கிவிடும் என்பது ஐயாவின் கண்டுபிடிப்பு. அவருடைய பெட்டியை நோயாளியிடம் நீட்டினால் 'கீ' என்று அலறும். தைலம் தடவியபின் நீட்டினால் கப்சிப். வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

தையற்கடைக்கார அண்ணிக்குக் கர்ப்பப்பை வாயில் புற்று. இருபத்தைந்து நாள் கரண்ட் என்றார் டாக்டர். பதினாலாம் நாள் வயிற்றுப்போக்கும் சிறுநீர் எரிச்சலும் வந்தன.

"உள்ளே கொதிக்குதும்மா. இனி ஆஸ்பத்திரிக்குப் போகாதே" என்றார் ஐயா.

மூன்று நாளாக அண்ணி போகவில்லை. புற்றுக்கட்டிக்குக் கொண்டாட்டம்.

நாத்தனார், வீடு வீடாக மின்சார மீட்டர் பார்ப்பவள், கெஞ்சினாள், திட்டினாள்.

"பெட்டி பொய் சொல்லுமா?" என்றாள் அண்ணி.

"மீட்டரைப் பத்தி எங்கிட்டயா சொல்றீங்க? வாங்க அண்ணி."

அண்ணியைக் கூட்டத்தில் உட்காரவைத்துவிட்டு, அவளுடைய ஆஸ்பத்திரி ஃபைலோடு நாத்தனாரே ஐயா முன் அமர்ந்தாள். ஐயா முகத்தைப் பார்ப்பவரில்லை, ஃபைலைத்தான் பார்ப்பார். பெட்டி அலறியது.

"பதினாலு நாள் கரண்டும் அப்படியே நிக்குதும்மா."

"எனக்கு ஒரு நாள்கூட வெச்சதில்லைங்க. இது எங்க அண்ணி ஃபைல்."

ஐயா அசரவில்லை. "ஒரே வீடுதானே, ஒட்டிக்கிச்சு."

கூட்டம் தலையாட்டியது. எதற்கும் தலையாட்டுகிற நல்ல கூட்டம்.

பெட்டியின் ஒயர் ஐயாவின் காலடிப் பாய்க்கு அடியில் நுழைவதை நாத்தனார் வந்ததுமே பார்த்திருந்தாள்.

"காலைப் பாய்லேருந்து எடுத்துட்டு நீட்டுங்க."

"காலுக்கும் கரண்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்."

எல்லோரும் பார்க்க, வேறு வழியின்றிக் காலை எடுத்தார். பெட்டி ஊமையானது. அவள் பாயைப் புரட்டினாள். அழைப்புமணிப் பொத்தான். அதை மிதித்தபடி பெட்டியை ஐயாவிடமே நீட்டினாள். அலறியது.

"ஐயாவுக்குத்தான் நிறைய ஏறியிருக்கு. யாராவது தைலம் தடவுங்க."

கரண்ட் இறங்கவில்லை. ஐயா இறங்கினார், பின்படி வழியாக.

அன்றே அண்ணி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். டாக்டர் கடுகடுத்தார். "விட்ட நாளையும் சேர்த்து முடிச்சிடலாம். இனி ஒரு நாள்கூட விடாதீங்க. வயித்துப்போக்குக்கு மாத்திரை இருக்கு. எங்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"கேக்கணும்னு தோணலை டாக்டர்."

அந்தத் தோன்றாத இடம்தான் ஐயாக்களின் விலாசம். இந்நேரம் வேறொரு ஊரில் பெட்டி அலறிக்கொண்டிருக்கும். அது யாரைப் பார்த்து அலறுகிறது என்பதை விடுங்கள், யார் காலடியில் அலறுகிறது என்று குனிந்து பாருங்கள்.